8612 என்ன சொன்னான்?

ஸ்டான்ஃபோர்ட் சிறைப் பரிசோதனையை இந்தப் பக்கத்துக்கு வருகிற யாருக்கும் புதிதாக அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. உளவியல் படிக்காதவர்களுக்கும் அந்தக் கதை தெரியும். சாதாரணமான, நல்ல பையன்களாப் பார்த்துப் பிடிச்சாங்க. பாதிப் பேரைக் காவலர் ஆக்கினாங்க, பாதிப் பேரைக் கைதி ஆக்கினாங்க. ஆறே நாள்ல காவலர்கள் கொடூரமா மாறிட்டாங்க, கைதிகள் உடைஞ்சுபோயிட்டாங்க. ஆகவே மனுஷனுக்குள்ள மிருகம் இருக்கு. யூடியூபில் பத்து நிமிஷத்தில் சொல்லி முடித்துவிடுகிறார்கள். நீதிக்கதைக்கு வேண்டிய எல்லாம் இதில் இருக்கிறது.

2018-க்குப் பிறகு இதற்கு ஓர் எதிர்க்கதையும் வந்துவிட்டது. காவலர்களுக்குச் சொல்லிக்கொடுத்துத்தான் செய்ய வைத்தார்கள், கைதி அழுததும் நடிப்பு, எல்லாமே பொய். இதற்கும் தனியாகக் காணொளிகள் உண்டு.

இரண்டு கதையிலும் எனக்கு ஒரே குறைதான். அடைபட்டிருந்த மாணவன் வாயைத் திறந்து என்ன சொன்னான், சொன்னது எப்படிக் கேட்கப்பட்டது என்கிற இடத்தை இரண்டுமே வேகமாகத் தாண்டிப் போகின்றன. பரிசோதனையின் அறிவியல் மதிப்பை எடை போட என்னிடம் தராசு கிடையாது. ஒரு பிரதியை எடுத்துவைத்துக்கொண்டு, இதை யார் சொல்றாங்க, யாரோட பேச்சு எங்க வெட்டுப்படுதுன்னு பார்ப்பதுதான் இலக்கிய வாசகரின் வேலை. அதை மட்டும் செய்து பார்க்கிறேன்.

*

முதலில் களம். 1971 ஆகஸ்ட். கலிஃபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் உளவியல் துறை இருந்த ஜோர்டன் ஹாலின் அடித்தளம். ஆய்வக அறைகளின் கதவுகளைக் கழற்றிவிட்டுக் கம்பிக் கதவுகளை மாட்டிச் சிறையறைகள் ஆக்கினார்கள். நடைவழியின் எதிர்ப்பக்கம் கோப்புகள் வைக்கிற ஓர் அலமாரி அறை. இரண்டடி அகலம், இரண்டடி ஆழம். ஒரு ஆள் நிற்கலாம், அவ்வளவுதான். தனிமைச் சிறை அதுதான். அதற்கு ‘குழி’ என்று பெயர்.

பத்திரிகை விளம்பரத்தைப் பார்த்து வந்த 70-க்கும் மேற்பட்டவர்களில் 24 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். கோடை விடுமுறையில் கொஞ்சம் காசு தேவைப்பட்ட கல்லூரி மாணவர்கள். ஒரு நாளைக்கு 15 டாலர், இரண்டு வாரம். யார் காவலர், யார் கைதி என்பது நாணயத்தைச் சுண்டி முடிவானது. ஆகஸ்ட் 15, ஞாயிற்றுக்கிழமை, பாலோ ஆல்டோ நகரத்தின் நிஜப் போலீஸ் வந்து அந்தப் பையன்களைக் கைது செய்து, விலங்கு மாட்டி, கைரேகை எடுத்து, கண்ணைக் கட்டி அனுப்பியது. உள்ளே வந்ததும் உள்ளாடை இல்லாத ஓர் அங்கி, காலில் சங்கிலி, தலையில் நைலான் தொப்பி, அங்கியில் எண். அதற்குப் பிறகு பெயர் கிடையாது. ஆய்வை நடத்திய பேராசிரியர் பிலிப் ஜிம்பார்டோ சிறைக்குக் கண்காணிப்பாளராகவும் இருந்தார். வார்டன் ஓர் இளங்கலை மாணவர். சில மாதங்களுக்கு முன்பு ஜிம்பார்டோவின் வகுப்புக்காக டோயன் ஹால் விடுதியில் இதே மாதிரி ஒரு சிறைப் பயிற்சியை நடத்தியவர். அங்கே போட்ட விதிகளில் பெரும்பகுதி இங்கேயும் வந்தது.

கைதிகளாக இருந்தவர்களின் பெயர்கள் இன்று பொதுவெளியில் கிடைக்கின்றன. ஆனாலும் இங்கே எண்ணையே எழுதுகிறேன். ஐம்பது வருஷமாக இந்தக் கதை அவர்களை எண்ணாகத்தான் சொல்லிவருகிறது. நான் வாசிப்பதும் அந்தக் கதைசொல்லலைத்தான்.

*

திங்கட்கிழமை காலை கலகம். கட்டில்களை இழுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுத்தார்கள். தொப்பியைக் கழற்றி எறிந்தார்கள். எண்ணைப் பிய்த்துப் போட்டார்கள். காவலர்கள் தீயணைப்பானைப் பீய்ச்சிக் கைதிகளைப் பின்வாங்க வைத்து, உள்ளே புகுந்து, துணியை உருவி, கட்டில்களை வெளியே இழுத்துப் போட்டார்கள். 8612 கலகத்தில் முன்னால் நின்றவன்.

அதற்குப் பிறகு அவன் வெளியே போகணும்னு கேட்டான். கண்காணிப்பாளர் அவனிடம் ஒரு பேரம் பேசினார். காவலர்கள் உன்கிட்ட வராம நான் பார்த்துக்கறேன். பதிலுக்கு உள்ளே நடக்கறதை அப்பப்போ எனக்குச் சொல்லு. யோசிச்சுட்டு வா. 8612 திரும்பிப் போய் மற்றவர்களிடம் சொன்னது: இங்கேருந்து யாரும் வெளியே போக முடியாது. பிறகு அழுகை, கூச்சல், கதவை உதைப்பது, உள்ளுக்குள்ள எரியுதுன்னு கத்துவது. அந்த ஒலிநாடா இந்தக் கதையின் மிகப் புகழ்பெற்ற பகுதி. பரிசோதனை தொடங்கி 36 மணி நேரம் ஆவதற்குள் அவனை வெளியே விட்டார்கள்.

இதை ஜிம்பார்டோ சொல்லும் விதத்தைக் கவனிக்கணும். பரிசோதனைக்காகவே உருவாக்கிய இணையதளத்திலும், 2007-ல் வெளியான ‘லூசிஃபர் எஃபெக்ட்’ நூலிலும் அவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்வதே இல்லை. பையன் நம்மை ஏமாத்தப் பார்க்கிறான் என்றுதான் முதலில் நினைத்தோம், அந்த அளவுக்கு நாங்களும் சிறை அதிகாரிகள் மாதிரி யோசிக்க ஆரம்பித்திருந்தோம் என்கிறார். விடுதலையான 8612 நண்பர்களோடு திரும்பி வந்து சிறையை உடைக்கப் போகிறான் என்று ஒரு வதந்தி கிளம்பியதையும், மொத்தச் சிறையையும் நகரத்துப் பழைய சிறைக்கு மாற்ற முடியுமா என்று போலீஸிடம் போய்த் தான் கேட்டதையும் அவரே சொல்கிறார். அந்த நேரத்தில் வந்த சக பேராசிரியர் ஒருவர், இந்த ஆய்வில் சார்பற்ற மாறி எது என்று கேட்டதும் தனக்குக் கோபம் வந்ததாம். சிறை உடையப்போகுது, இவன் மாறியைப் பத்திக் கேட்கறான் பாரு!

நல்ல கதைசொல்லி. தவறை ஒத்துக்கொள்கிற கதைசொல்லியை நமக்கு உடனே பிடித்துவிடும். நாவல்களிலும் அப்படித்தான், ‘நான் தவறினேன்’ என்று தொடங்குபவர் கையில் நாம் மொத்தக் கதையையும் கொடுத்துவிடுவோம். இந்த வாக்குமூலம் செய்கிற வேலை என்னவென்றால், கதையின் மையத்தில் கண்காணிப்பாளரை உட்கார வைத்துவிடுகிறது. ஒரு நல்ல பேராசிரியர் எப்படித் தடம் மாறினார், எப்படி மீண்டார் என்பது கதையாகிவிடுகிறது. 8612-இன் அழுகை அந்தக் கதைக்குள் ஒரு சம்பவம். அவன் எதற்காக அழுதான் என்பதற்கும் விளக்கம் தயாராக இருக்கிறது: சிறை அவனை உடைத்தது. அவன்கிட்ட கேட்க வேண்டிய அவசியமே வரவில்லை.

*

2018-ல் பென் பிளம் என்கிற பத்திரிகையாளர் அவனிடம் கேட்டார். அதற்குள் அந்தப் பையன் அறுபது வயதைத் தாண்டியிருந்தார். நடுவில் சிறைக் கைதிகளோடு வேலை செய்கிற உளவியலாளராகவும் ஆகியிருந்தார். அவர் சொன்ன காரணம் ரொம்பச் சாதாரணமானது. மேற்படிப்புக்கான நுழைவுத் தேர்வு வருது, சிறையில உட்கார்ந்து படிச்சுக்கலாம், காசும் கிடைக்கும் என்று வந்திருக்கிறார். உள்ளே புத்தகம் கேட்டபோது கொடுக்கவில்லை. அப்போ இங்க இருந்து என்ன பிரயோஜனம் என்று தோன்றியிருக்கிறது. முதலில் வயிற்றுவலி என்று நடித்தார். அது எடுபடவில்லை. அப்புறம்தான் மனம் உடைந்தவனாக நடித்தார். எந்த மருத்துவர் கேட்டாலும் அது நடிப்பு என்று சொல்லிவிடுவார் என்கிறார். நிஜமாகவே பயந்தது, நீ போக முடியாது என்று சொன்னபோதுதான் என்கிறார்.

எதிர்க்கதை இந்த இடத்தில்தான் ‘பார்த்தீங்களா, நடிப்பு’ என்று எழுந்துபோகிறது. கொஞ்சம் உட்காருங்க.

ஒன்று, அவர் சொன்னதும் எப்போதும் ஒரே மாதிரி இல்லை. பிற்பாடு ஜிம்பார்டோ எடுத்த ஆவணப்படத்தில் அதே மனிதர், வாழ்க்கையில் அவ்வளவு கலங்கியதில்லை என்ற பொருளில் பேசியிருக்கிறார். எது நிஜம்? இரண்டுமே இருக்கலாம். வெளியே போக முடியாத இடத்தில் அழுகிற மாதிரி நடிப்பவனுக்கு, எந்த நொடியில் நடிப்பு நின்று நிஜ அழுகை வந்தது என்று தனக்கே தெரியாமல் போகலாம்.

இரண்டாவதுதான் எனக்கு முக்கியம். நிஜமோ நடிப்போ, அவன் ஏன் நோயாளி ஆக வேண்டியிருந்தது? ‘எனக்கு இது வேண்டாம், நான் போறேன்’ என்று சொன்னது ஏன் போதவில்லை?

பரிசோதனையை விட்டு விலகுகிறேன் என்ற வாக்கியத்தைச் சொல்லியிருந்தால் விட்டிருப்போம், யாரும் அப்படிச் சொல்லவில்லை என்பது ஜிம்பார்டோ தரப்பு வாதம். அந்த மாணவர்கள் கையெழுத்துப் போட்ட ஒப்புதல் படிவம் இன்று இணையத்தில் கிடைக்கிறது. அதில் அப்படியொரு வாக்கியமே இல்லை. இருப்பது வேறு: உடல்நலக் காரணம் போதுமானது என்று மருத்துவ ஆலோசகர்கள் கருதினால் விடுவிக்கப்படுவேன், அல்லது ஜிம்பார்டோ தகுந்தது என்று கருதுகிற வேறு காரணங்களுக்காக விடுவிக்கப்படுவேன்.

அந்த வரியை ஒரு வாசகராகப் படித்துப் பாருங்கள். கதவுக்கு இரண்டு சாவி. ஒன்று நோய். இன்னொன்று கண்காணிப்பாளரின் மனசு. மாணவனின் விருப்பம் என்கிற சாவி செய்யப்படவே இல்லை. 8612 இந்தப் பிரதியைத்தான் சரியாக வாசித்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. போகணும்னு சொன்னான், பேரம் வந்தது. வயிற்றுவலி என்றான், பத்தவில்லை. பைத்தியம் பிடித்தது என்றான், கதவு திறந்தது.

*

இப்படிப் படிக்கத் தொடங்கியதும் மற்ற காட்சிகளும் வேறு மாதிரி தெரிகின்றன.

819. அழுதுகொண்டிருந்தவனைச் சங்கிலியையும் தொப்பியையும் கழற்றி ஓர் அறையில் உட்கார வைத்திருந்தார்கள். அந்த நேரத்தில் காவலர்கள் மற்றவர்களை வரிசையில் நிறுத்தி, 819 மோசமான கைதி என்று திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தார்கள். அது அவன் காதில் விழுந்தது. போகலாம் வா என்று ஜிம்பார்டோ கூப்பிட்டபோது, நான் மோசமான கைதி இல்லன்னு காட்டணும், உள்ளேயே போறேன் என்றானாம். அப்போது ஜிம்பார்டோ அவனிடம், நீ 819 இல்லை, உன் பெயர் இது, நான் உளவியலாளன், இது சிறை இல்லை என்றார். கெட்ட கனவிலிருந்து எழுந்த குழந்தை மாதிரி அவன் நிமிர்ந்து பார்த்தான், கிளம்பினான். உருக்கமான காட்சிதான். அந்த ஒரு வாக்கியத்தை முதல் நாளிலிருந்தே எல்லாரிடமும் சொல்லியிருக்கலாம் என்பதையும் இதே காட்சிதான் சொல்கிறது.

பரோல் விசாரணை. இதுவரை சம்பாதித்த பணத்தை விட்டுக்கொடுத்தால் வெளியே போகச் சம்மதமா என்று கேட்டார்கள். பெரும்பாலானவர்கள் சரி என்றார்கள். யோசிச்சுச் சொல்றோம், அறைக்குப் போங்க என்றதும் எழுந்து போனார்கள். பணமே வேண்டாம் என்றவன் அப்படியே வெளியே நடந்திருக்கலாமே, சிறை மனசுக்குள் போய்விட்டது பாருங்கள் என்பது அதிகாரபூர்வ விளக்கம். எனக்கு அந்த விளக்கம் நிற்கவில்லை. அவர்கள் கேட்க வேண்டிய இடத்தில், கேட்க வேண்டிய ஆளிடம், பணத்தையும் விட்டுக்கொடுத்துக் கேட்டாகிவிட்டது. பதில் கிடைக்கவில்லை. பரோல் மறுக்கப்பட்ட ஒருவனுக்கு உடம்பு முழுக்கத் தடிப்பு எழும்பியது. அவனை விட்டுவிட்டார்கள்.

416. நடுவில் மாற்று ஆளாக வந்தவன். சாப்பிட மறுத்தான். ‘குழி’யில் ஒரு மணி நேரத்துக்கு மேல் அடைக்கக் கூடாது என்பது காவலர்களே போட்ட விதி, அவனை மூன்று மணி நேரம் அடைத்தார்கள். உங்க போர்வையைக் கொடுத்தா அவனை விடறோம் என்று மற்றக் கைதிகளிடம் சொன்னார்கள். பெரும்பாலானவர்கள் கொடுக்கவில்லை. மனிதனின் சுயநலத்துக்கு உதாரணமாக இது பாடப் புத்தகங்களில் வருகிறது. கட்டிலைப் பிடுங்கி, நடு ராத்திரியில் எழுப்பி எண்ணிக்கை எடுத்து, தூங்க விடாமல் அலைக்கழித்த பிறகு ஒரு போர்வை எவ்வளவு பெரிசு என்பதைப் பாடப் புத்தகம் சொல்வதில்லை. வெளியே இருந்து வந்தவன் என்பதால் 416-க்குத்தான் நடப்பது முழுசாகக் கண்ணில் பட்டது. வாய்ப்பேச்சு செல்லாது என்பதும் சீக்கிரம் புரிந்திருக்கிறது. அதனால் உடம்பாலேயே பேசினான்.

1973-ல் ஜிம்பார்டோவும் அவருடைய மாணவர்களும் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில், முன்கூட்டியே விடுவிக்கப்பட்டவர்கள் ஐந்து பேர் என்று கணக்கு இருக்கிறது. நான்கு பேருக்கு அழுகை, ஆத்திரம், கடும் பதற்றம். ஒருவருக்கு உடம்பில் தடிப்பு. ஐந்து பேருமே நோயாளிகளாகத்தான் வெளியே போயிருக்கிறார்கள். போகணும் என்று சொன்னதால் போனவர் ஒருவரும் இல்லை.

*

காவலர்கள் விஷயத்துக்கு வரலாம். கைதிகள் ‘ஜான் வெய்ன்’ என்று பட்டப்பெயர் வைத்த காவலர், தான் நாடகம் நடித்தவன், ஒரு சிறைப்படத்தில் பார்த்த அதிகாரியைப் பார்த்துச் செய்தேன், ஆய்வாளர்களுக்கு வேண்டியதைக் கொடுத்தேன் என்று பலமுறை சொல்லியிருக்கிறார். போதுமான கடுமை காட்டாத காவலர் ஒருவரை வார்டன் கூப்பிட்டுக் கண்டிப்பாக இரு என்று வற்புறுத்துகிற ஒலிப்பதிவும் இருக்கிறது. பிரெஞ்சு ஆய்வாளர் திபோ லெ டெக்சியே ஆவணக் காப்பகத்தில் உட்கார்ந்து இதையெல்லாம் தோண்டி 2018-ல் புத்தகமாக வெளியிட்டார். காவலர்கள் தானாக மாறினார்கள் என்ற நீதிக்கதை அதோடு ஆட்டம் கண்டது. கண்டதும் நல்லதுதான்.

ஆனால் ‘நடிப்பு’ என்ற சொல்லை இரண்டு பக்கத்துக்கும் ஒரே விலையில் கொடுக்க முடியாது. காவலர் நடித்தது உள்ளே அதிகாரமாக இருக்க; கைதி நடித்தது வெளியே போக. காவலருக்கு எட்டு மணி நேர ஷிஃப்ட், முடிந்தால் வீட்டுக்குப் போகலாம். கைதிக்கு ஷிஃப்ட் கிடையாது. காவலர் நடிப்பாக அடைத்த ‘குழி’யில் நின்றவனின் கால் நிஜமாகத்தான் வலித்திருக்கும். எல்லாம் பொய் என்று சொல்கிறவர்கள் அந்தக் காலையும் பொய் ஆக்கிவிடுகிறார்கள்.

சினிமா இதில் எந்தப் பக்கம்? 2001-ல் வந்த ஜெர்மன் படம் ‘தாஸ் எக்ஸ்பெரிமென்ட்’ இதைக் கொலை வரைக்கும் இழுத்துக்கொண்டு போகிறது. ரத்தம் வந்ததும் நமக்கு நிம்மதி. இது வேற ஆளுங்க கதை என்று ஒதுங்கிக்கொள்ளலாம். 2015-ல் கைல் பேட்ரிக் ஆல்வரெஸ் எடுத்த ‘தி ஸ்டான்ஃபோர்ட் பிரிசன் எக்ஸ்பெரிமென்ட்’ அவ்வளவு மலிவாகப் போகாது. அந்தக் குறுகிய நடைவழியை விட்டுப் பெரிதாக வெளியே வராமல் மூச்சு முட்ட வைக்கிறது. 8612-ஆக எஸ்ரா மில்லர் கத்துகிறபோது நடிப்பா நிஜமா என்ற சந்தேகத்துக்குக் கொஞ்சம் இடமும் விடுகிறார். ஆனாலும் படம் ஜிம்பார்டோவின் நூலை ஒட்டித்தான் நடக்கிறது. திரைக்கு முன்னால் உட்கார்ந்து பார்க்கிற பேராசிரியரின் முகத்துக்குக் காமிரா அடிக்கடி திரும்புகிறது. அவன் கத்துகிறான், நாம் இவருடைய முகத்தில் என்ன மாறுகிறது என்று பார்க்கிறோம்.

2024-ல் ஜூலியட் ஐஸ்னர் இயக்கி நேஷனல் ஜியாக்ரஃபிக்கில் வந்த மூன்று பகுதி ஆவணத் தொடரில்தான் வயதாகிவிட்ட அந்தப் பையன்கள் வரிசையாக வந்து பேசுகிறார்கள். ஒருத்தர் சொல்வது இன்னொருத்தர் சொல்வதோடு ஒத்துப்போவதில்லை. நீதிக்கதை கலைந்து, நினைவுகளின் சண்டையாகிவிடுகிறது. எனக்கு மிகவும் பிடித்தது அந்தக் குழப்பம்தான். அந்த வருடம் அக்டோபரில் ஜிம்பார்டோ இறந்துபோனார்.

*

கடைசியாக, பரிசோதனை நின்ற விதம். வியாழக்கிழமை இரவு, அப்போதுதான் முனைவர் பட்டம் முடித்திருந்த கிறிஸ்டினா மாஸ்லாக் அங்கே வந்தார். ஜிம்பார்டோவின் காதலி, பின்னாளில் மனைவி. தலையில் பையை மாட்டி, காலைச் சங்கிலியால் இணைத்து, கைதிகளைக் கழிவறைக்கு நடத்திக்கொண்டு போவதைப் பார்த்தார். இந்தப் பையன்களுக்கு நீங்க செய்யறது கொடுமை என்று சண்டை போட்டார். மறுநாள் காலை, ஆறாவது நாள், எல்லாம் முடிந்தது. ஐம்பதுக்கும் மேற்பட்ட வெளியாட்கள் வந்து பார்த்திருக்கிறார்கள், இது சரியா என்று கேட்டவர் அவர் ஒருவர்தான் என்று ஜிம்பார்டோ எழுதுகிறார்.

மாஸ்லாக்கின் துணிச்சலைக் குறைத்துச் சொல்ல எனக்கு எந்த எண்ணமும் இல்லை. துறையில் இன்னும் வேரூன்றாத இளம்பெண் தன் காதலரான பேராசிரியரிடம் அதைச் சொல்வது பெரிய விஷயம். ஆனால் ‘கேட்டவர் ஒருவர்தான்’ என்ற கணக்கு தப்பு. திங்கட்கிழமை கட்டிலைக் கதவுக்கு முட்டுக் கொடுத்தவர்கள் அதைத்தான் கேட்டார்கள். 8612 கேட்டான். சாப்பிடாமல் 416 கேட்டான். பார்வையாளர் நாளில், என் பையன் இவ்வளவு களைச்சுப்போய் நான் பார்த்ததே இல்லை என்று ஒரு அம்மா சொன்னார். ஜிம்பார்டோ அவருக்குப் பதில் சொல்லாமல் அப்பாவின் பக்கம் திரும்பி, உங்க பையன் இதைத் தாங்க மாட்டானா என்று கேட்டார். அவன் உறுதியான பையன்தான் என்று சொல்லிவிட்டு அப்பா கிளம்பினார். அந்த அம்மாவும் ஐம்பது பேர் கணக்கில் கேட்காதவராகத்தான் இருக்கிறார்.

உள்ளே இருந்தவர்கள் சொன்னதெல்லாம் தரவாகக் குறித்துக்கொள்ளப்பட்டது. அதையே வெளியே இருந்து வந்த, படித்த, வேண்டப்பட்ட ஒருவர் சொன்னபோது அது கருத்தாகக் கேட்கப்பட்டது. அந்த அடித்தளத்தில் நிஜச் சிறையோடு ஒத்துப்போன விஷயம் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான். கம்பியும் சீருடையும் கறுப்புக் கண்ணாடியும் நாடகச் சாமான்கள். கைதியின் பேச்சு பேச்சாக எண்ணப்படாது என்பது மட்டும் அப்படியே நிஜம். அடுத்த மாதம் நியூயார்க் மாநிலத்தின் ஆட்டிகா சிறையில் கைதிகள் கோரிக்கைப் பட்டியல் எழுதிவைத்துவிட்டுத்தான் கலகம் செய்தார்கள். மாநிலக் காவல்படை சுட்டுக்கொண்டே உள்ளே நுழைந்தது. மொத்தம் 43 பேர் செத்தார்கள். அதற்கப்புறம் சிறை என்றால் என்ன என்று விளக்கம் கேட்டு நாடே திரும்பிப் பார்த்தது. ஸ்டான்ஃபோர்ட் கண்காணிப்பாளர் அமெரிக்க நாடாளுமன்றத் துணைக்குழுவின் முன் போய்ப் பேசினார்.

பரிசோதனையைப் பற்றி இனிமேல் வரப்போகிற படங்களையும் கட்டுரைகளையும் நான் ஒரே ஒரு இடத்தை வைத்துத்தான் பார்க்கப்போகிறேன். திங்கட்கிழமை, கதவை உதைப்பதற்கு முன்னால், 8612 சாதாரணக் குரலில் ஒருமுறை கேட்டான் இல்லையா, அந்தக் காட்சிக்கு எத்தனை நிமிஷம் கொடுத்திருக்கிறார்கள் என்று. 2015 படம் உட்பட எல்லாருமே கத்தலுக்குத்தான் நேரம் ஒதுக்குகிறார்கள். அந்தப் பையன் படிக்கணும்னு வந்தவன். புத்தகம் கேட்டான்.